கண்மையில் வைத்த மச்சம்

இரண்டு வருஷம் புடவை கட்டியிருந்துவிட்டு நான் மறுபடி பேன்ட்டுக்குத் திரும்பியபோது, அந்தப் பெருமைக்கு ஆம்பூரில் ஏகப்பட்ட பேர் பங்கு கேட்டு வந்தார்கள். போதகர் தன் ஜெபம் என்றார். மாமா, தான் கன்னத்தில் விட்ட அறை என்றார். தோல் கம்பெனி மேஸ்திரி, வேலை உடம்பில் ஏறினால் கொழுப்பு தானாக இறங்கும் என்றார். எண்பதுகளின் தொடக்கம் அது. என்னைத் திருப்பி அனுப்பியவர் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அனுப்பியவர் அக்கா. பள்ளிகொண்டா பக்கம் ஒரு வீட்டில் ஆறு பேர் சேர்ந்திருந்தோம், அவர்தான் மூத்தவர். இன்று திருநங்கை என்று மரியாதையாக ஒரு சொல் இருக்கிறது. அன்று ஊர் சொன்ன சொற்களை அச்சில் போட முடியாது. எனக்கும் அறுத்துக்கொள்ள நாள் குறித்தாயிற்று. அதற்கு முந்தின வாரம் அக்கா என்னை உட்காரவைத்தார்.

“உன் மூஞ்சில சந்தோஷமே இல்லடா. எனக்கு இது உசுரு. உனக்கு இது வூட்டுக்குப் பயந்து ஓடியாந்த எடம். அறுத்தா ஒட்ட முடியாது. கிளம்பு.”

இரண்டு வருஷத்தில் அவர் என்னை ‘டா’ போட்டது அன்றுதான். கோபம் வரவில்லை, அப்பாடா என்றிருந்தது. அன்று போல என்றைக்கும் நான் அழுததில்லை.

அதன்பின் நான் காட்சிப் பொருள். மாதம் ஒரு முறை ஜெபக்கூட்டத்தில் என்னை எழுப்பி நிறுத்துவார்கள். “பாருங்க, திரும்பி வந்த பிள்ளை!” என்பார் போதகர். என் மீசை போன மாதத்தைவிட ஜாஸ்தியா கம்மியா என்று பார்ப்பதற்கென்றே முன்வரிசையில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். நற்சான்றுக் கடிதம் கொடுத்தார் போதகர். அதை வைத்துக் கம்பெனியில் வேலை கிடைத்தது. வேலையை வைத்து நெடுஞ்சாலை தர்ம ஆஸ்பத்திரியில் எனக்கொரு நீலச் சீட்டும் கிடைத்தது. அதில் போட்டோ கிடையாது. பெயர், வயது, அடையாளம்: வலது கழுத்தில் மச்சம்.

மழைக்கு முன்னால் அக்காவுக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டது. பல வருஷம் முன்பு, அறுத்துவிடுவதற்கென்றே இருந்த ஒரு மூத்தவள், தாயம்மா என்பார்கள், கத்தியால் செய்த வேலை. எந்த ஆஸ்பத்திரி செய்யும் அப்போது? வழி சுருங்கிவிட்டது. காய்ச்சல் நெருப்பாய்க் கொதித்தது. தர்ம ஆஸ்பத்திரியில் ஆம்பளைக்கு நீலச் சீட்டு, பொம்பளைக்கு ரோஸ் சீட்டு, இரண்டு ஜன்னல். நீல ஜன்னலில் “புடவை கட்டிக்கினு இங்க இன்னா?” என்றார்கள். ரோஸ் ஜன்னலில் “குரலைக் கேட்டா தெரியலையா? அந்தப் பக்கம் போ” என்றார்கள். பன்னிரண்டு மணிக்கு இரண்டு ஜன்னலையும் ஒற்றுமையாகச் சாத்தினார்கள். மூன்று நாள் இதே பேஜார். மூன்றாம் நாள் அக்கா இரண்டு ஜன்னலுக்கும் நடுவில் விழுந்தார்.

சேதி கேட்டு ஓடினேன். என் லுங்கியையும் சட்டையையும் அவருக்கு மாட்டினேன். தலைமுடியை வெட்டும்போது அக்கா கண்ணை மூடிக்கொண்டார். கண்மை தொட்டு வலது கழுத்தில் ஒரு மச்சம் வைத்தேன். நீலச் சீட்டைக் கையில் கொடுத்தேன். நான் போட்ட பேன்ட்டுக்கு ஊரே கைதட்டியது. அக்கா கட்டிய லுங்கிக்காக நான் ஒருவன்தான் அழுதேன்.

ஆம்பளை வார்டு, ஏழாம் நம்பர் கட்டில். ‘இது எப்படி ஆச்சு?’ என்று டாக்டர் கேட்டதற்கு, சீட்டில் தோல் கம்பெனி என்றிருப்பதைப் பார்த்து, “மிஷின்ல மாட்டிக்கிச்சு” என்றாராம் அக்கா. டாக்டரும் அப்படியே எழுதி, அறுத்து வழிவிட்டார். நான்காம் நாள் வேர்வையில் அழிந்த மச்சத்தை அக்கா தானே வைக்கப்போய் இடது பக்கம் வைத்துவிட்டார். வார்டு சிஸ்டர் வந்து பார்த்தார். ஈரப் பஞ்சால் துடைத்தார். “வலது பக்கம்மா, வலது பக்கம்” என்று காதோடு சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

எட்டு நாளில் அக்கா பிழைத்தெழுந்தார். அதுவரை தலைமறைவாக இருந்த நான் கம்பெனிக்குப் போனேன். என் பெயரில் எழுதிய விபத்து எனக்கு முன்னால் அங்கே போயிருந்தது. ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. எந்த மிஷின் என்று முதலாளி விசாரித்தாராம். மேஸ்திரி என் தோளைத் தட்டி, “மனசைத் தேத்திக்கோப்பா, கல்யாணம் மட்டும்தானா வாழ்க்கை?” என்றார். அன்றிலிருந்து எனக்குக் கனமான தோல் தூக்கும் வேலை கிடையாது.

சிரித்து முடிக்கவில்லை, அந்த வீட்டில் இன்னொருத்திக்கு, வயதில் சின்னவளுக்கு, அதே அடைப்பு ஆரம்பித்தது. என்னிடம் இருப்பதோ ஒரே சீட்டு. ஒரே ஆளுக்கு ஒரே இடத்தில் இரண்டாவது மிஷின் விபத்து என்றால் எந்த டாக்டர் நம்புவார்? அக்கா மற்ற நாலு பேரையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்தார். மனு எழுதியது நான். எங்களுக்கு ஒரு சீட்டு, ஒரு டாக்டர், கேள்வி கேட்காத ஒரு கட்டில். அவ்வளவுதான் மனு.

ஆஸ்பத்திரிக் கமிட்டி கூடியது. போதகரும் அதில் ஒருவர். சாட்சி சொல்ல என்னையும் வெள்ளை வேட்டி கட்டவைத்து அழைத்துவந்தார்கள். “ஜெபத்தால இவன் திரும்பி வந்துட்டான். வைத்தியம் எதுக்கு?” என்றார் போதகர். பெரிய டாக்டர் ரிஜிஸ்டரைப் புரட்டினார்.

“இந்த மாதிரி ஒரு கேஸ்கூட நம்ம ரிக்கார்டுல இல்ல. வராதவங்களுக்கு எதுக்குக் கட்டில்?”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்ததே நான்தான். வாயைத் திறந்தால் வேலை போகும், சீட்டு போகும், மீசை சம்பாதித்த மரியாதையும் போகும். திறக்காவிட்டால் வாசலில் சுருண்டு கிடக்கும் சின்னவள் போய்விடுவாள்.

“ஏழாம் நம்பர் கட்டில்ல படுத்தது நான் இல்ல சார். வாசல்ல ஒக்காந்துனு கீறாங்களே, அந்த அக்கா.”

“மச்சம் சரியா இருந்துதேப்பா?” என்றார் பெரிய டாக்டர்.

“கண்மை சார்.”

“அப்போ மிஷின் விபத்து?”

“எனக்கு ஒண்ணும் ஆகல. டவுட்டா இருந்தா வேட்டிய அவுக்கட்டுமா?”

முடிச்சில் கை வைத்தேன். போதகர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். அன்றைக்கு அவர் செய்த ஜெபம் நிச்சயம் உண்மையானது.

“திரும்பி வந்தது நெசம்தான்” என்றேன். “எனக்கு ஒத்துவரல, வந்துட்டேன். அதுவும் அந்த அக்கா அனுப்பித்தான் வந்தேன். செருப்பு என் கால கடிக்குதுன்னு நான் கழட்டுனா, ஊர்ல ஒருத்தனும் செருப்பு போடக்கூடாதா சார்?”

செருப்புக்குத் தோல் பதனிட்டுப் பிழைக்கும் ஊர். பெரிய டாக்டர் ரிஜிஸ்டரை மூடிவைத்தார்.

என் சீட்டைக் கிழித்தார்கள். கம்பெனியில் கணக்கு முடித்து அனுப்பினார்கள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதில் மேஸ்திரிக்கு இருந்த வருத்தம் சொல்லி மாளாது. ஆனால் அடுத்த கூட்டத்திலும் நான் வேட்டியில் கை வைத்துவிடுவேன் என்ற பயமோ என்னவோ, துணி வெளுக்கும் அறைக்குப் பக்கத்தில் ஒரு அறை திறந்தார்கள். புதன்கிழமை மதியம் மட்டும். போர்டு கிடையாது. சீட்டு வெள்ளை. சின்னவள்தான் முதல் ஆள், பிழைத்துக்கொண்டாள்.

அந்த மழைக்காலத்தில் எனக்கு மஞ்சள் காமாலை வந்தது. நீல ஜன்னல், “மோசடி பண்ணவன்” என்று விரட்டியது. புதன்கிழமை அக்கா என்னைக் கைத்தாங்கலாக அந்தப் பின் அறைக்குக் கூட்டிப்போனார். பழைய வார்டு சிஸ்டர்தான் உட்கார்ந்திருந்தார்.

“இங்க ஆம்பளைங்களைப் பார்க்கக் கூடாதும்மா” என்றார், தயங்கி.

“அவன் ஆம்பளைதான். எங்க வூட்டு ஆம்பளை. எழுதும்மா.”

சிஸ்டர் வெள்ளைச் சீட்டை எடுத்தார். “அடையாளம்?”

“வலது கழுத்துல மச்சம்” என்றார் அக்கா. “இது ஒரிஜினல்.”

சிஸ்டர் பஞ்சை நனைத்து ஒரு தடவை தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதினார்.