பதினாறு ஓம் திருகில் நான்கு குழாய்கள்

அரைகுறை வேலையைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மலையூரான செம்மேட்டில் பள்ளி வேலைக்கு வந்தும் அந்தக் குணம் குறையவில்லை. பகலில் பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்துவேன்; சாயங்காலம் கண்ணாடி வால்வு போட்ட பழைய காலத்து ஆம்ப்ளிஃபயர் கட்டுவேன். கல்லூரியில் பிடித்த கிறுக்கு, இன்னும் விடவில்லை.

அதனால்தான் வீட்டுக்காரர் தன் ஊர் மைக் செட்டைச் சாக்கில் சுற்றி என்னிடம் கொண்டுவந்தார். வளப்பூர் நாடு என்கிற மலைப்பகுதியில் மிளகும் மரவள்ளியும் போடுகிறவர்; செம்மேட்டு வீட்டை எனக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்.

"பேசுனா கரகரங்குதுங்க டீச்சர். வால்வு செவந்து போயிருது. நோம்பிக்குள்ள செரி பண்ணிக் குடுங்க."

அவர் அவசரத்துக்குக் காரணம் இருந்தது. நோம்பி என்கிற அவர்கள் ஊர்த் திருவிழாவில் பொங்கல் அடுப்பைப் பற்றவைக்கும் முன்பு பங்காளி வீடு ஒவ்வொன்றையும் சொல்லி அழைக்க வேண்டும். போனில் கூப்பிட்டால் அது அழைத்த கணக்கில் வராது; ஊர் கேட்க மைக்கில் கூப்பிட வேண்டும். காட்டு நிலத்தைப் பாகம் பிரித்ததில் இவருக்கும் அண்ணனுக்கும் பேச்சு நின்றுவிட்டது. அண்ணன் வீடு எதிர்ச் சரிவில். சில வருடங்களாக அவர் நோம்பிக்கு வருவதில்லை.

"வரமாட்டேன்னு இல்லீங்க. இந்தக் கரகரப்புல எங்கண்ணனுக்கு என்ன வெளங்கியிருக்கும்? ஒழுங்காக் கேட்டா வந்துருவாருங்க," என்றார்.

நோம்பிக்கு முந்தின நாள் செட்டோடு அவர் ஊருக்குப் போனேன். குழாய் ஸ்பீக்கர்களைக் கட்டியிருந்த விதத்தைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். ஆதியில் இருந்தது ஒரே குழாய்தான். பிறகு எங்கள் பக்கம் ஒன்று, உங்கள் பக்கம் ஒன்று என்று நான்கு திசைக்கும் நான்கு ஆகிவிட்டது. நான்கின் ஒயரையும் முறுக்கி, செட்டின் பின்னால் முதல் குழாய் இருந்த அதே பதினாறு ஓம் திருகில் மாட்டியிருந்தார்கள். யார் பக்கத்துக்கும் குறை வைக்கக் கூடாதே என்ற நல்லெண்ணம், பாவம், வால்வின் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது.

இந்த மாதிரி செட்டின் புஷ்-புல் அமைப்பில் இரண்டு வால்வுகளும் இரட்டைப்பிடி ரம்பத்தில் மரம் அறுக்கும் ஆட்களைப் போல மாறி மாறி வேலை செய்யும். எவ்வளவு பாரம் இழுக்கிறோம் என்பதை அவற்றுக்குக் காட்டுவது அவுட்புட் டிரான்ஸ்பார்மர். பதினாறு ஓம் குழாய் நான்கை இப்படிப் பக்க இணைப்பில் சேர்த்தால் மொத்தம் நான்கு ஓம்தான். அதைப் பதினாறின் திருகில் மாட்டினால் வால்வுகளுக்குத் தாங்க முடியாத பாரம். வால்வுக்குள் இருக்கும் தகடு சிவக்கும், பேச்சு உடையும். பக்கத்திலேயே நான்கு ஓம் திருகு துருப்பிடித்துக் கிடந்தது. அதைச் சுரண்டி ஒயரை மாற்றினேன். போதாததற்கு, வால்வு ஒன்று போனபோது ஒன்றை மட்டும் மாற்றியிருந்தார்கள். கரண்டைச் சமமாக இழுக்கும் ஜோடியாகப் பார்த்து என்னிடமிருந்து இரண்டு போட்டேன். ஓடவிட்டுப் பார்த்தேன்; தகடு சிவக்கவில்லை. உள்ளுக்குள் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நோம்பியன்று காலை, தூரத்தில் எப்படிக் கேட்கிறது என்று பார்க்க பஸ் ஏறி எதிர்ச் சரிவில் போய் இறங்கினேன். அண்ணன் வீட்டு வாசலுக்கு நேர் கீழே ரோடு. அவர் பாயில் மிளகைக் காயப் போட்டுக்கொண்டிருந்தார். முகச்சாடை அப்படியே தம்பிதான்.

குழாய் பேசியது, வீட்டுக்காரர் குரலில்.

"அண்ணே, அண்ணியக் கூட்டிக்கிட்டு வாங்க. நீங்க வந்தாத்தான் அடுப்பு பத்தும்."

ஒரு எழுத்து சிதையவில்லை. குரலில் இருந்த நடுக்கம்கூடக் கேட்டது. அது மனுஷனுடைய நடுக்கம். அண்ணன் நிமிர்ந்து நின்று கடைசிவரை கேட்டார். பிறகு குனிந்து மிளகைக் கிளற ஆரம்பித்தார். எனக்கு வந்த கோபத்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

"ஏனுங்க, தெளிவாக் கேக்குதுங்களா?" என்று அவர்கள் பேச்சிலேயே கேட்டேன்.

"கேக்குதுங்க. எப்பவும் கேக்கறதுதான்," என்றார்.

திரும்பி வந்தபோது உச்சி வெயில். பானை அடுப்பின் மேல் இருந்தது, அடியில் தீ இல்லை. ஆட்கள் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். வீட்டுக்காரர் எழுந்து ஓடிவந்தார்.

"அங்க கேட்டுதுங்களா டீச்சர்?"

பொய் சொல்லியிருக்கலாம். ஒயர் அறுந்துவிட்டது, காற்று எதிர்த்து அடித்தது, ஏதாவது ஒன்று. வாயில் வரவில்லை.

"கேட்டது. நல்லா கேட்டது," என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார்.

"அப்ப போன வருசமும் கேட்டிருக்குங்களா?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு அடுப்பிடம் போனார்.