ரிப்பன் மறைத்த இரண்டு எண்கள்

டிப்போவில் அவருக்கு நத்தை என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. முப்பது வருட பஸ் ஓட்டத்தில் அவர் ஒரு வண்டியையும் முந்தியதில்லை. ஒருமுறை ஒரு சவ ஊர்வலம் அவருடைய பஸ்ஸுக்குப் பின்னால் வந்து, பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, கடைசியில் ஹாரன் அடித்து முந்திக்கொண்டு போனது என்று சொல்வார்கள். அது முழுப் பொய்யாக இல்லாததுதான் வருத்தம்.

மனிதர் சோம்பேறி அல்ல. களைத்தவர். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் களைத்தவர்களுக்குத்தான் தெரியும். பதினொரு வருடமாக அவருக்கு உடைந்த ஷிப்ட். காலை ஐந்து மணியிலிருந்து ஒன்பது வரை ஓட்ட வேண்டும்; மறுபடி மாலை நாலிலிருந்து எட்டு வரை. நடுவே இருக்கும் ஏழு மணி நேரம் வேலையிலும் சேராது, ஓய்விலும் சேராது. வீட்டுக்குப் போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். அதனால் டிப்போ ஓய்வறை பெஞ்சில் கிடப்பார். பெஞ்சு அவரைவிட ஒரு சாண் குட்டை. காலை நீட்டினால் தலை தொங்கும், தலையை வைத்தால் கால் தொங்கும். பதினொரு வருடமாக ஒரு நாள் தலைக்கு, ஒரு நாள் காலுக்கு என்று முறை வைத்துக்கொண்டிருந்தார்.

விடிகாலை மூன்றுக்கு எழுந்து மூன்றரைக்குக் கிளம்பினால் வீடு திரும்ப இரவு பத்தாகும். மனைவிக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. பகலெல்லாம் மலை மலையாகப் படுக்கை விரிப்புகளை வெளுத்துவிட்டு ஒன்பது மணிக்குக் கண்ணசந்துவிடுவாள். வார விடுமுறையும் ஆளுக்கொரு கிழமை. ஒரே வீட்டில் சூரியனும் சந்திரனுமாகக் குடித்தனம் நடந்தது. பேச்சு வார்த்தை எல்லாம் பிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்துச் செருகிய துண்டுச் சீட்டில். சண்டையும் சீட்டில்தான். 'நீங்க எப்பவுமே இப்படித்தான்' என்று அவள் திங்கட்கிழமை எழுதினால், 'எப்படி?' என்று அவர் செவ்வாய்க்கிழமை கேட்பார். புதன்கிழமைக்குள் எதற்குக் கோபப்பட்டோம் என்பது அவளுக்கே மறந்துபோகும். சீட்டில் சிரிப்பதற்கு மட்டும் வழி தெரியவில்லை இருவருக்கும்.

அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. நேர் ஷிப்ட். போனோம், ஓட்டினோம், விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீடு வந்து மனைவி முகத்தைப் பார்த்துச் சாப்பிட்டோம், தூங்கினோம் என்கிற ஷிப்ட். அதற்கு அந்த டிப்போவில் ஒரு வழி இருந்தது. அதைக் கேட்டால் வெளியாள் சிரிப்பார்.

யாருக்கு எந்த ஷிப்ட் என்பதில் முன்பு அடிதடி. வயதுப்படி கொடுத்துப் பார்த்தார்கள். எல்லோரும் ராத்திரியோடு ராத்திரியாக இரண்டு வயது கூடிவிட்டார்கள். சீட்டுக் குலுக்கிப் பார்த்தார்கள். சந்தேகப்பட்டு டப்பாவைக் கவிழ்த்தபோது பதினெட்டுச் சீட்டிலும் ஒரே பெயர். அந்தப் பெயருக்கு உரியவரைத் தந்தி என்று கூப்பிடுவார்கள். ஒரு சேதி அவர் காதில் விழுந்தால் ஊருக்கே விழுந்த மாதிரி. அவர் கூசாமல், "எனக்கே ஆச்சரியமாத்தான் இருக்கு" என்றார்.

அதற்குப் பிறகுதான் கார் பார்க்கும் முறை வந்தது. அந்த ஊரில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, புதிதாகப் பதிவாகும் கார்களின் எண்ணில் முதலெழுத்து மாறும். புது எழுத்துள்ள காரை முதலில் பார்க்கும் டிரைவருக்கு அடுத்த ஆறு மாதம் அவர் கேட்ட ஷிப்ட். ஏமாற்ற வழியில்லாமல் விதிகள் வைத்தார்கள். கார் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். விற்பனைக் கடையில் நிற்பது செல்லாது. வேலை நேரத்தில், அவரவர் தடத்திலேயே பார்க்க வேண்டும். எண் முழுசாக வேண்டும். பாதி எண் பாதிப் பல் மாதிரி, எதற்கும் உதவாது. நிறம், நேரம், இடம் எல்லாவற்றையும் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும் நோட்டில் எழுத வேண்டும். மேலாளர் அம்மாவுக்கு இது தெரியும். தெரியாத மாதிரி இருப்பதில் அவருக்கு நிம்மதி இருந்தது.

இருபத்திரண்டு அரையாண்டுகளில் நத்தை ஒரு முறையும் ஜெயித்ததில்லை. தந்தி ஆறு முறை. நத்தையின் கண் திறந்திருக்கும். அதற்குப் பின்னால்தான் ஆள் இருக்கமாட்டார். இந்த முறை ஆர் முடிந்து எஸ் வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பியதும் பிரிட்ஜ் கதவில் மனைவியின் சீட்டு இருந்தது: 'ஊர்ல இருக்கிற கார் எல்லாம் உங்களை முந்திட்டுத்தானே போகுது. முந்துற கார் முதுகைத்தானே காட்டும். முதுகுலதானே நம்பர் இருக்கு. இந்தத் தடவையாவது பாருங்க.'

நியாயமான பேச்சு. அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மாதம் பிறந்து நாலாம் நாள், வியாழக்கிழமை. காலை ஆறு பத்து. பஸ்ஸில் முப்பத்தொரு பேர். அதில் முப்பது பேர் உறக்கத்தில். ஆபீஸ் கூட்டுகிறவர்கள், ரொட்டிக்கடை ஆட்கள், வேலை முடிந்து திரும்பும் நர்சுகள். அந்த பஸ்ஸில் வரும் தூக்கம் சொந்தக் கட்டிலில் வராது என்று இதற்காகவே முந்தின பஸ்ஸை விட்டுவிட்டுக் காத்திருப்பவர்களும் உண்டு. முழித்திருந்தவர் முன்சீட்டுத் தையல்காரம்மா மட்டும். அவர் ஒருவருக்குத்தான் அந்த பஸ்ஸில் வேலை நடக்கும். ஓடும்போதே ஊசியில் நூல் கோத்து, இறங்குவதற்குள் ஆறு சட்டைக்குப் பொத்தான் தைத்துவிடுவார்.

பாலத்தின் மேல் ஒரு கிளிப்பச்சை நிறக் கார் நத்தையை முந்தியது. அவர் வழக்கம்போலப் பார்க்காமல் பார்த்தார். பிறகு நிஜமாகவே பார்த்தார். எஸ். அதற்கப்புறம் நாலு. அதற்கப்புறம் ஏழு. அதற்கப்புறம் ஒரு சிவப்பு ரிப்பன். கடைக்காரர்கள் புதுக் காருக்குக் கட்டி அனுப்பிய பூ முடிச்சு அவிழ்ந்து, கடைசி இரண்டு எண்கள் மேல் விழுந்து கிடந்தது.

நத்தை ஆக்சிலேட்டரை அழுத்தினார். பஸ்ஸே திடுக்கிட்டது. தையல்காரம்மாவின் ஊசி விரலில் ஏறியது.

"என்ன தம்பி, உடம்பு சரியில்லையா?"

"எஸ்ஸு, அக்கா. எஸ்ஸு போகுது."

"எங்க போகுது?"

அது பாலத்தைத் தாண்டி இடது பக்கம் போனது. பஸ் தடம் வலது பக்கம். மூன்று மணிக்கு எழுந்த மனிதருக்கு ஆறேகாலுக்கு மூளையில் ஒரே ஒரு விளக்குதான் எரியும். அந்த விளக்கு அன்று ரிப்பன் மேல் இருந்தது. பஸ்ஸும் இடது பக்கம் திரும்பியது.

"தம்பி, நாம வலது பக்கம்ல போவோம்."

"இதோ ஆச்சுக்கா. ரெண்டே ரெண்டு நம்பர்."

தையல்காரம்மா விரலை வாயில் வைத்துக்கொண்டு யோசித்தார். முப்பது வருடத்தில் இவர் எதற்கும் அவசரப்பட்டதில்லை. இன்று அவசரப்படுகிறார் என்றால் காரணம் இருக்கும். ஊசியைத் துணியில் குத்திவைத்தார்.

கார் ஒரு தெருவில் நுழைந்தது. பஸ்ஸும் நுழைந்தது. கார் ஒரு சந்தில் நுழைந்தது. பஸ்ஸும், இரண்டு பக்கச் செடிவேலியையும் உரசி உரசி வழி கேட்டுக்கொண்டு நுழைந்தது. சந்து முட்டிய இடத்தில் ஒரு வீட்டு வாசலில் கார் நின்றது. பஸ்ஸும் நின்றது. காற்று வந்து ரிப்பனைத் தூக்கியது. ஒன்று, ஒன்பது. எஸ் நாலு ஏழு ஒன்று ஒன்பது. மணி ஆறு முப்பத்தொன்று.

காரிலிருந்து கண்ணாடி போட்ட ஒருவர் இறங்கினார். முந்தின நாள் வாங்கிய காரைப் பற்றி வீட்டில் சொல்ல தைரியம் வராமல், விடியும் முன்பிருந்து ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தவர். திரும்பிப் பார்த்தார். தன் வீட்டு வாசலில் ஒரு முழு பஸ்.

"என்னங்க வேணும் உங்களுக்கு?"

"ஒண்ணும் வேணாம் சார். பார்த்துட்டேன்."

பஸ் ஓடும்போது உறங்குகிறவர்கள் அது நின்றால் விழித்துவிடுவார்கள். முப்பது பேரும் ஒரே மூச்சில் எழுந்தார்கள். "இது எந்த ஸ்டாப்பு?" என்று ஒரு குரல். ரொட்டிக்கடைக்காரர் பழக்க தோஷத்தில் இறங்கி, அந்த வீட்டுக் கேட்டைத் திறந்து, அடுப்பு மூட்டப் போனார். எதிரே கையில் துடைப்பத்தோடு வீட்டம்மா வந்தாள். ரொட்டிக்கடைக்காரரைப் பார்த்தாள், காரைப் பார்த்தாள், கணவனைப் பார்த்தாள்.

"யாரு காரு இது?"

"பின்னாடி பஸ் நிக்குது பாரு."

"பஸ்ஸ அப்புறம் பார்க்கிறேன். காரு யாருது?"

கண்ணாடிக்காரர் நத்தையை ஒரு பார்வை பார்த்தார். ஆபத்தில் இருக்கும் ஆண்பிள்ளை இன்னொரு ஆண்பிள்ளையைப் பார்க்கும் பார்வை. உதவ நத்தைக்கு ஆசைதான். ஆனால் காரைத் தனது என்று சொல்லிக்கொள்ள முடியாதே.

உள்ளே போன பஸ் வெளியே வர நாற்பது நிமிடம் ஆனது. முப்பத்தொரு பேரும் இறங்கி, ஆளுக்கொரு திசையில் நின்று, ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். வாழ்க்கையில் ஒருமுறைகூட எதையும் ஓட்டாதவர்கள்தான் சத்தமாகச் சொன்னார்கள். கடைசியில் தையல்காரம்மா எல்லோரையும் வாயை மூடச் சொல்லிவிட்டு, துணி வெட்டுகிற மாதிரி கையைக் காட்டிக் காட்டிப் பின்னால் எடுக்கவைத்தார். பக்கத்து வீட்டுக் கொடிக் கயிறு கண்ணாடியில் மாட்டி அறுந்தது. டிப்போ போய்ச் சேர்ந்தபோது பஸ்ஸின் பக்கக் கண்ணாடியில் ஒரு பூப்போட்ட தலையணை உறை தொங்கிக்கொண்டிருந்தது.

நோட்டு வெறுமையாக இருந்தது. இன்னும் ஒருவரும் எழுதவில்லை. நத்தை பேனாவை எடுத்தார். எண் எழுதினார். கிளிப்பச்சை என்று எழுதினார். நேரம் எழுதினார். இடம் என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

தோளுக்குப் பின்னால் தந்தி. சேதி அவருக்கு எப்படியோ வந்துவிட்டது.

"பாலம்னு எழுதுண்ணே. பாலத்துலதானே எஸ்ஸப் பார்த்தே."

"கடைசி ரெண்டையும் அங்க பார்க்கலையேய்யா."

"எவன் கேக்கப்போறான்? நான் வாயத் தொறக்க மாட்டேன்."

"நீயா?"

தந்தி கொஞ்சம் யோசித்தார். "சாயங்காலம் வரைக்கும் தொறக்க மாட்டேன்" என்றார்.

நத்தை அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரே வார்த்தை. எழுதினால் ஆறு மாதம் மனிதனைப் போல் வாழலாம். பெரிய யோக்கியர் என்று அவரைச் சொல்ல மாட்டேன். ஆனால் பொய் ஒன்றைச் சொன்னால் அதை மறக்காமல் இருக்க வேண்டும், கேட்கிறவனுக்கெல்லாம் அதையே திருப்பிச் சொல்ல வேண்டும், தூங்கும்போதும் ஒரு கண்ணால் அதைக் காவல் காக்க வேண்டும். அவ்வளவு தெம்பு அவரிடம் இல்லை. உண்மைக்கு அந்தச் சிரமம் கிடையாது. போட்ட இடத்தில் கிடக்கும். 'ஒரு வீட்டு வாசல்' என்று எழுதி, பேனாவை மூடிவைத்துவிட்டு, பெஞ்சுக்குப் போனார். அன்று காலுக்கு முறை.

தடம் மாறி, அதுவும் நின்ற காரைப் பார்த்தது செல்லாது. மறுநாள் தந்தி ஒரு கறுப்புக் காரை எழுதி ஏழாவது முறையாக ஜெயித்தார். மேலாளர் அம்மா நத்தையைக் கூப்பிட்டனுப்பினார். மேசை மேல் தலையணை உறை மடித்து வைக்கப்பட்டிருந்தது.

"அந்த வீட்டம்மா போன் பண்ணாங்க."

"மன்னிச்சுக்கோங்க மேடம்."

"திட்டல. நன்றி சொல்லச் சொன்னாங்க. நீங்க மட்டும் வரலைன்னா அவர் அதைப் பக்கத்து வீட்டுக் காருன்னு சொல்லி ஒரு வருஷம் ஓட்டியிருப்பாராம்."

நத்தை தலை குனிந்து தலையணை உறையைப் பார்த்தார்.

"நீங்க கடைசியா நல்லாத் தூங்கினது எப்போ?"

"இப்ப இருக்கிற வீட்டுலயா, அதுக்கு முந்தின வீட்டுலயா மேடம்?"

மேலாளர் அம்மா சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முப்பத்தொரு பேரை ஏத்திக்கிட்டு இப்படி ஓட்டுற ஆளை நான் ரோட்டுல விட முடியாது. நாளையிலேருந்து நீங்க உள்ள. பஸ்ஸ எடுத்துக் கழுவுற இடத்துல விடணும், கழுவினதைக் கொண்டுபோய் வரிசையில நிறுத்தணும். காலைல எட்டு, சாயங்காலம் நாலு."

நத்தை நிமிர்ந்தார். எட்டிலிருந்து நாலு. நடுவில் உடைப்பே இல்லை.

"இது தண்டனை. புரியுதா? வெளில போறப்போ மூஞ்சிய அதுக்கேத்த மாதிரி வெச்சுக்கோங்க. இல்லைன்னா நாளைக்கு எல்லாரும் சந்துக்குள்ள பஸ்ஸ விடுவானுங்க."

முகத்தை அப்படி வைத்துக்கொள்வதில் அவருக்குச் சிரமமே இருக்கவில்லை. அது பதினொரு வருடமாக அப்படித்தான் இருந்தது. நத்தை என்ற பெயர் அன்றோடு போய், முப்பத்தொரு பேரோடு ஒரு வீட்டுக்குப் போனவர் என்பதால் விருந்தாளி என்று புதுப் பெயர் வந்தது.

மறுநாள் நாற்பது பஸ்களை ஐம்பது கஜ தூரம் போக வர ஓட்டினார். ஒருவரும் ஏறவில்லை, ஒருவரும் தூங்கவில்லை. மத்தியானம் டிப்போ வாசலில் தையல்காரம்மா எட்டிப் பார்த்தார். புது டிரைவர் பறக்கிறாராம். நூல் ஊசிக்குள் போகமாட்டேன் என்கிறதாம். ரொட்டிக்கடைக்காரர் கொட்டக் கொட்ட விழித்தபடி போகிறாராம். "உங்களுக்கு எப்படி இருக்கு தம்பி?" என்றார். "தெரியலக்கா" என்றார். உண்மையைத்தான் சொன்னார்.

ஐந்தரைக்கு வீடு. வெயில் இன்னும் சமையலறைச் சன்னலில் இருந்தது. வேலை நாளில் அந்த வெயிலை அவர் அந்தச் சன்னலில் பார்த்து வருடங்களாகியிருந்தன. கொஞ்ச நேரத்தில் மனைவி வந்தாள். கையில் சலவைச் சோடா வாசனை. வாசலிலேயே நின்றாள்.

"என்ன, உடம்புக்கு ஏதாவதா?"

"ஷிப்ட் மாத்திட்டாங்க."

"எழுதி வெக்கலையே நீங்க."

"நான்தான் வந்துட்டேனே."

அவள் பையை வைத்துவிட்டுச் சமைத்தாள். அவர் மேசையில் உட்கார்ந்து அவளுடைய முதுகைப் பார்த்தார். காதோரம் எப்போது இவ்வளவு நரைத்தது என்று கேட்க நினைத்தார். அவளுக்கும் கேட்க நிறைய இருந்தது. எங்கே ஆரம்பிப்பது என்று இருவருக்கும் தெரியவில்லை. தட்டுகள் வந்தன. எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள்.

"அந்த எஸ்ஸு என்னாச்சு?" என்று கடைசியில் அவள் கேட்டாள்.

ஒரு கவளம் கையில் இருக்க, நிமிர்ந்து உட்கார்ந்தபடியே அவர் தூங்கிப்போயிருந்தார்.

அவள் எழுப்பவில்லை. கையிலிருந்த கவளத்தைத் தட்டில் வைத்து, விரல்களை ஈரத் துணியால் துடைத்துவிட்டாள். பிறகு பழக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டைக் கிழித்து, 'நாளைக்குப் பேசிக்கலாம்' என்று எழுதினாள். பிரிட்ஜ் வரை போனவள், திரும்பி வந்து, அதை அவருடைய சட்டைப் பையில் போட்டாள். அங்கே ஏற்கெனவே அவள் எழுதிய ஒன்று மடித்துக் கிடந்தது.