மதினியின் ரேஷியோ

அண்ணன் கப்பல் வேலைக்குப் போனதிலிருந்து நானும் மதினியும் போனில் ஒரே டீமாகத் துப்பாக்கி கேம் ஆடுகிறோம்.

ஒரு தடவை சாவதற்குள் எத்தனை பேரைச் சுடுகிறோம் என்பதுதான் அதில் ரேஷியோ. எனக்கு நான்கு, மதினிக்கு ஒன்று.

இன்று திரேஸ்புரம் பஸ்ஸில் பெருமையாக, "ஒங்களால டீமுக்கே அசிங்கம் மதினி, வேற ஆளச் சேக்கப்போறேன்," என்றேன்.

மதினி கோபப்படவில்லை. "நேத்து ஆளுக்கு எட்டு பேரத்தான் சுட்டோம், தம்பி. நீ ரெண்டு தடவ செத்த, நான் எட்டு தடவ. நீ அடிபட்டு விழுந்து 'தூக்குங்க மதினி'ன்னு கத்தும்போதெல்லாம் ஓடிவந்து தூக்கிவிடுதேன்லா? அங்கனதான் எதிராளி என்னயச் சுடுதான்."

முன் சீட்டு அண்ணாச்சி திரும்பிப் பார்த்தார். மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் எங்கள் ஸ்டாப்புக்கு முந்தின ஸ்டாப்பிலேயே இறங்கி நடந்தேன்.

இப்போது மதினியிடமிருந்து மெசேஜ்: "ஆட வாரியா?"

என்ன பதில் போடட்டும், சொல்லுங்கள்.