தாம்பூலப் பையில் இருந்த ஷூ

சரியாக மாலை ஐந்தே காலுக்கு நான் செருப்பைக் கழற்றினேன். அதோடு நிறுத்தியிருந்தால் யாருக்கும் தொல்லை இல்லை.

அது பழைய காலத்துச் சர்ச். பூசை நின்று பல வருஷமாகிறது. இப்போது அங்கே நாடகம், கச்சேரி, ஓவியக் கண்காட்சி என்று ஏதாவது நடந்துகொண்டிருக்கும். பீடம் இருந்த இடத்தில் மேடை, பக்கத்து அறையில் காபிக் கடை. எல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். ஆனால் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தால் உச்சியில் சிலுவை அப்படியே இருக்கிறதே! அதன் கீழே செருப்போடு நடக்க எனக்குக் கால் வரவில்லை. கோயிலோ தர்காவோ மாதா கோயிலோ, எங்களுக்குச் செருப்பு வாசலோடு சரி. கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

கையில் பிள்ளையார் படம் போட்ட மஞ்சள் தாம்பூலப் பை. யார் கல்யாணத்திலோ கொடுத்தது. அதற்குள் என் மகளின் ஷூ. அவள் டேப் டான்ஸ் ஆடுகிறவள். அந்த ஷூவுக்கு அடியில், முன்பக்கமும் குதிகாலிலும் உலோகத் தகடு இருக்கும். தரையில் அது எழுப்பும் சத்தம்தான் ஆட்டமே. மொட்டை மாடியில் பலகை போட்டு வருஷக்கணக்கில் பழகினாள். கீழ்வீட்டுக்காரர் ஒருநாள் மேலே வந்து, "குதிரை ஏதாச்சும் வளக்குறீங்களா?" என்று மிக மரியாதையாகக் கேட்டுவிட்டுப் போனார். நான் செருப்பைக் கழற்றிய இந்த நாளில்தான் அவளுடைய முதல் தனி ஆட்டம். ஆறரை மணிக்கு.

ஊர்க் கோடியில் இருக்கும் சந்தாபுராவிலிருந்து மூன்று மணிக்கே கிளம்பியும் நெரிசலில் மாட்டிக்கொண்டோம். என் வீட்டுக்காரர் எங்களை வாசலில் இறக்கிவிட்டு, காரை நிறுத்த இடம் தேடிப் போனார். மகள் கான்வாஸ் ஷூவோடு உள்ளே ஓடினாள். "மா, ஷூ பத்திரம்! நான் கேக்குறப்ப கொண்டாந்து குடு."

நான் யோசித்தேன். காலில் இருப்பதைக் கழற்றிவிட்டு, கையில் ஷூவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போவது என்ன மரியாதை? பையையும் படியோரம் என் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். அந்த ஷூவைப் போட்டுக்கொண்டு பீடம் இருந்த இடத்திலேயே அவள் குதிக்கப்போகிறாள் என்பது அந்த நேரத்தில் என் மூளைக்கு எட்டவில்லை.

எனக்குப் பின்னால் வந்தவர்கள் என் செருப்பைப் பார்த்தார்கள், கழற்றினார்கள். அவர்களுக்குப் பின்னால் வந்தவர்கள் அவர்களுடையதைப் பார்த்தார்கள். ஆறு மணிக்குள் வாசலில் திருப்பதி மாதிரி ஒரு குவியல். கோட்டு சூட்டு போட்ட ஒருவர், சாக்ஸின் ஓட்டை வழியாக எட்டிப் பார்த்த கட்டைவிரலை மற்றக் காலால் மறைத்தபடி நின்றார். உள்ளே என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கவுன் போட்ட பாட்டியம்மா என்னிடம் குனிந்து, "இங்கதான்மா எனக்கு மேரேஜ் ஆச்சு. இத்தன பெரிய ஹீல்ஸ் போட்டு நடந்தேன். இப்ப ரூல்ஸ் மாத்திட்டாங்க போலருக்கு" என்றார். நான் ஜன்னலின் வண்ணக் கண்ணாடியை மிகக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆறு பத்துக்கு மகளிடமிருந்து செய்தி: ஷூ.

வாசலுக்குப் போனேன். செருப்பு இருந்தது. பை இல்லை.

குவியலைக் கலைத்தேன். மண்டியிட்டு அடியில் துழாவினேன். கழுத்தில் அட்டை தொங்கவிட்ட, அரங்கத்தைக் கவனிக்கும் பெண் ஓடி வந்தாள். "ஆன்ட்டி, என்ன இது? யாரு இங்க செப்பல் விடச் சொன்னது?"

வாசலில் நின்ற வாட்ச்மேன் என்னைக் கை காட்டி, கன்னடம் கலந்த தமிழில் சொன்னார். "இவங்கதான் மேடம் ஷுரு பண்ணது. நான் சொல்றதுக்குள்ள பத்து பேரு கழட்டிட்டாங்க."

"மஞ்சப் பை ஒண்ணு வச்சேனே அண்ணா, பாத்தீங்களா?"

"ஓ, அதுவா? ஒரு ஆளு எடுத்துட்டுப் போனாரேம்மா. வெள்ளைக் காரு. உள்ள பார்க்கிங் கேட்டாரு, இல்லன்னேன். திரும்பறப்ப பையைப் பாத்தாரு, தூக்கிட்டு ஹோகிட்டாரு."

"பாத்துக்கிட்டு சும்மா நின்னீங்களா?"

"டீசன்டா இருந்தாரும்மா. கொஞ்சம் சொட்டை. கள்ளன்னு யாரு நெனப்பாங்க?"

என் வீட்டுக்காரருக்கு உடனே போன் செய்தேன். என் கைப்பைக்குள்ளிருந்து பக்திப் பாட்டு ஒலித்தது. வண்டி ஓட்டும்போது போன் கூடாது என்பது அவர் கொள்கை. அதனால் எப்போதும் என்னிடம் கொடுத்துவிடுவார்.

அங்கேயே படியில் உட்கார்ந்து அந்தத் திருடனைச் சபித்தேன். அவன் கால் விளங்காமல் போக வேண்டும், அவன் காருக்கு ஆயுசுக்கும் நிற்க இடம் கிடைக்கக் கூடாது, மீதி இருக்கும் நாலு முடியும் கொட்ட வேண்டும் என்று வாய்விட்டே சொன்னேன். வாட்ச்மேன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

மகள் வாசலுக்கே வந்துவிட்டாள். கண்ணில் மை, உதட்டில் சாயம், முகத்தில் கொலைவெறி. "ஷூவ வாசல்ல வச்சியா? ஏம்மா?"

"சர்ச்சுக்குள்ள எப்படிடி ஷூவ..."

"இது சர்ச்சே இல்லம்மா!"

"சிலுவை இருக்கே!"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், தோள் குலுங்கியது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அட்டைப் பெண் மனமிரங்கி, அடுத்து வரவேண்டிய வீணைக்காரரை முன்னால் ஏற்றினாள். "இருபது நிமிஷம் ஆன்ட்டி. அதுக்கு மேல என்னால முடியாது." உள்ளே வீணை ஆரம்பித்தது. என் வாழ்நாளில் ஒரு ராகம் முடியக் கூடாது என்று நான் வேண்டிக்கொண்டது அன்றைக்குத்தான். யாரிடம் வேண்டுவது என்று தெரியாமல் அண்ணாந்து சிலுவையிடமே கேட்டேன்.

உள்ளே கைதட்டல் எழுந்தது. மகள் கான்வாஸ் ஷூவின் நாடாவை இறுக்கத் தொடங்கினாள். அப்போது கேட்டுக்கு வெளியே, கால் தாங்கித் தாங்கி, ஒரு கையால் வழுக்கையைத் துடைத்தபடி ஒருவர் வந்தார். இன்னொரு கையில் மஞ்சள் பை.

"அம்மா, இவருதான்! இவரேதான்!" என்று வாட்ச்மேன் விசிலை எடுத்தார்.

மகள் பாய்ந்துபோய்ப் பையைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். வந்தவர் குவியலைப் பார்த்தார், தன் ஷூவையும் ஒழுங்காகக் கழற்றி ஓரமாக வைத்தார், என் பக்கத்தில் மூச்சு வாங்க உட்கார்ந்தார்.

"எங்கயும் இடமில்ல. அவ்ளோ தூரத்துல ஆஸ்டின் டவுன்ல காரைப் போட்டுட்டு நடந்தே வரேன், காலே போச்சு" என்றார் என் வீட்டுக்காரர். "ஆமா, ஷூ பையை யாராச்சும் வாசல்ல போட்டுட்டுப் போவாங்களா? நல்லவேளை என் கண்ணுல பட்டுது. எவனாச்சும் திருடன் தூக்கிட்டுப் போயிருந்தா?"