இருபதுக்குக் கீழே

ஆலையில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவர் ‘இருபது’. கட்டுப்பாட்டு அறையில் ஏழு வருடமாக ஒப்பந்த ஊழியர்.

காற்றாலையும் சூரியத் தகடும் தரும் மின்சாரத்தில் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கிற இடம் அது. காற்று விழுந்து, மெஷின் ஓட்டம் முழுத் திறனில் இருபது சதவீதத்துக்குக் கீழே போனால், உள்ளே இருக்கும் மெல்லிய தடுப்பைத் தாண்டி ஹைட்ரஜன் ஆக்ஸிஜன் பக்கம் கசியும். அப்புறம் ஒரு பொறி போதும். அதனால் உடனே நிறுத்திவிட வேண்டும். இதை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்லித்தான் அந்தப் பட்டப்பெயரைச் சம்பாதித்தார்.

மனைவியின் தங்கைக்கும் அதே அறையில்தான் வேலை, அடுத்த ஷிப்ட். இவர்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு அவர் குரலிலேயே ஆரம்பிப்பாள்: “இருபதுக்குக் கீழ வந்துச்சா? கட்டின பொண்டாட்டி கால்ல விழுந்தாலும் நிறுத்து!”

“நான் எதுக்குடி இவரு கால்ல விழணும்?” என்பாள் மனைவி.

“நீ விழமாட்டேக்கா. அந்த தைரியத்துலதான் அத்தான் சொல்றாரு!”

அவருக்கும் சிரிப்பு தாங்காது.

ஹைட்ரஜனை வாங்கப்போகிறவர்கள் ஆலையைப் பார்க்க வந்த அன்று, மத்தியானம் வானம் மூடிக்கொண்டது. காற்றாலைகள் செத்துப்போய் நின்றன. திரையில் இருபத்தாறு, இருபத்துமூன்று, பத்தொன்பது. அவர் கை சிவப்புப் பொத்தானுக்குப் போனது.

“கையை எடுங்க,” என்றார் மேனேஜர். “அவங்க இப்ப மெஷின் பக்கத்துலதான் நிக்கிறாங்க.”

“அதனாலதான் சார் நிறுத்தணும். இல்லேன்னா வெளிக் கரண்டாவது எடுக்கலாம்.”

“ஒரு யூனிட் எடுத்தாலும் பச்சை ஹைட்ரஜன்ங்கிற சான்றிதழ் போயிடும். பைபாஸ் போடுங்க, கால் மணி நேரம்தான். நிரந்தரம் பண்ற பட்டியல் என் மேசையிலதான் கிடக்குது. ஞாபகம் இருக்கட்டும்.”

கேமராவில் மஞ்சள் தொப்பிகள் கும்பலாகத் தெரிந்தன. மெஷின் தானாக நின்றுவிடாமல் தடுக்கும் பைபாஸ் சாவியை அவர் திருப்பினார். பதினான்கு வரை இறங்கியது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பிறகு காற்று வந்தது. ஒன்றும் ஆகவில்லை.

அடுத்த மாதமே நிரந்தரம் ஆனார். சூப்பர்வைசர் பதவி வேறு.

அதற்குப் பிறகு காற்று விழும்போதெல்லாம் மேனேஜருக்கு ஒரே பேச்சுதான்: “இருபதே பதினாலுல ஓட்டினாரு. உங்களுக்கு என்ன வந்துச்சு?”

ஒரு நாள் மேனேஜர் அறையில் அவர் இருந்தபோது மச்சினி போன் செய்தாள். “அத்தான், பதினேழு. பைபாஸ் போடச் சொல்றாங்க. நீங்க சொல்லுங்க, என்ன பண்ணட்டும்?”

எதிரே மேனேஜர் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஓட்டும்மா.”

அவருடைய பழைய குரல் போனுக்குள்ளிருந்து வந்தது: “இருபதுக்குக் கீழ வந்துச்சா…” பாதியில் நின்றது. அவள் மெஷினை நிறுத்திவிட்டாள்.

உத்தரவை மீறினாள் என்ற அறிக்கையில் சூப்பர்வைசர் கையெழுத்து வேண்டியிருந்தது. முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவள் வேலை போயிற்று.

இப்போதும் அவள் சாப்பிட வருகிறாள், அக்காவுக்காக. மேனேஜர் குரல், அக்கா குரல், பக்கத்து வீட்டுக்காரர் இருமல் எல்லாம் எடுக்கிறாள். மேசை அதிரச் சிரிப்பு. அவர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்.

அவர் குரலை மட்டும் அவள் எடுப்பதில்லை.