சீட்டுக்கு அடியில் இருந்த டேங்க்

எங்கள் பழைய லாரியைப் புதுப்பிக்க முடிவானதும், பெட்ரோல் டேங்கை மாற்றியே ஆகவேண்டும் என்று நான் ஒரே பிடியாக நின்றேன். அதில் டேங்க் கேபினுக்குள்ளேயே, ஓட்டுகிறவருடைய சீட்டுக்கு நேர் கீழே இருந்தது. எங்களுக்குக் கல்யாணமான மூன்றாம் வருஷம், சாலைக் கடைத்தெருவில் எங்கள் அரிசிக் கடை முன்னால் மூட்டை இறக்கும்போது, அதிலிருந்து கசிந்த பெட்ரோல் ஒரு வயரின் பொறியில் பற்றிக்கொண்டது. ஈரச் சாக்கைப் போட்டு அணைத்துவிட்டார்கள். ஆனாலும் ஓட்டுகிற சீட்டில் இருந்த என் கணவருக்கு வலது தொடை வெந்துபோனது. அதன்பிறகு லாரி குடோன் கொட்டகையில் நின்றுவிட்டது. அவர் அதை விற்கவும் இல்லை, அதன் கிட்டே போகவும் இல்லை.

கடையை மகளிடம் விட்ட பிறகு ஒருநாள் அவரே கேட்டார்: "வண்டிய ஓட வச்சிருவோமா?"

"ஓட வச்சா நீங்க ஓட்டுவியளா?"

அவர் கொட்டகைச் சாவியை எடுத்து என் கையில் கொடுத்தார்.

கரமனையில் பழைய வண்டிகளைச் சீராக்கும் மேஸ்திரி நாகர்கோவில்காரர். எஞ்சின் வேலையெல்லாம் முடித்துவிட்டு, டேங்க் பேச்சு வந்ததும் தயங்கினார்.

"அக்கா, டேங்க் இருந்த எடத்துலயே இருந்தாத்தான் பழைய வண்டிக்கு மதிப்பு. கசியாம நான் பண்ணித் தாறேன்."

"மதிப்பு எனக்கு வேண்டாம். அது மேல அவரு உக்கார மாட்டாரு. டேங்க் வெளிய போணும்."

மேஸ்திரி பழைய சாமான் கடையிலிருந்து ஒரு டீசல் லாரி டேங்கைக் கொண்டுவந்தார். நீளம் கூடிப்போய்ப் பின் ஸ்பிரிங்கில் இடித்தது. அடுத்தது உருண்டை டேங்க். மாட்டிப் பார்த்தால் தரையைத் தொடுகிற மாதிரி தொங்கியது. மறுநாள் கடையிலிருந்து காலி அட்டைப்பெட்டிகளை எடுத்துப்போனேன். சைலன்சர் வலப்பக்கம் ஓடியதால் இடப்பக்கம்தான் சரி. சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்து, அட்டையை வெட்டி ஒட்டி, அந்த இடத்துக்குப் பொருந்துகிற பெட்டி ஒன்றைச் செய்தேன். அதை அப்படியே பக்கத்து வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோனேன்.

"ஈ அளவு மதியோ சேச்சி?" என்று, அளவு போதுமா என மலையாளத்தில் கேட்டார் பட்டறைக்காரர்.

"மதி. பெட்ரோல் அலையாம இருக்க உள்ள ரெண்டு தடுப்பு வேணும்."

இரும்புத் தகட்டில் டேங்க் தயாரானது. லேசாகக் காற்றடித்து, சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தோம். அடி மூலையில் ஒரு குமிழ் வந்தது. பசை தடவினால் போதும் என்றார் பட்டறைக்காரர். முடியாது, வெட்டித் திரும்ப வெல்ட் வையுங்கள் என்றேன். இரண்டாம் தடவையும் குமிழ். மறுபடியும் வெட்டச் சொன்னேன். அவர் முகம் சுளித்தாலும் வெட்டினார்.

அதுவரை என் கணவர் என்னை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, எதிரே டீக்கடையில் உட்கார்ந்துகொள்வார். மூன்றாம் தடவை சோதித்த அன்று எழுந்து உள்ளே வந்தார். என் கையிலிருந்த சோப்புத் தண்ணீரை வாங்கி, குனிந்து, ஒவ்வொரு இணைப்பிலும் விரலால் தடவினார். வெகுநேரம் பார்த்தார். குமிழ் வரவில்லை.

"இனி மாட்டலாம்," என்றார்.

ரப்பர் வைத்த இரண்டு இரும்புப் பட்டைகளில் டேங்க் உட்கார்ந்தது. நட்டுகளை அவரே முறுக்கினார். பெட்ரோல் ஊற்றியதும் அடியில் கைவைத்துத் துடைத்து மோந்து பார்த்தார். பிறகு கேபினில் ஏறி சீட்டைத் தூக்கினார். கீழே வெறும் தகடு. அதை ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். நான் பக்கத்தில் ஏறிக்கொண்டேன்.

எஞ்சின் பிடித்தது. வண்டி நகரவில்லை.

"காலு நடுங்குது," என்றார்.

"நடுங்கட்டும். கியரப் போடுங்க."

போட்டார். பாப்பனங்கோடு வரை போய்த் திரும்பினோம். இறங்கும்போது அவர் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் எடுக்கிறோம். பங்கில் பெட்ரோல் அடிக்கும்போது மட்டும் இறங்கிப்போய் ரோட்டோரம் நின்றுகொள்வார். மூடியைத் திறப்பதும், சிந்தாமல் அடிக்கவைத்து இறுக்கி மூடுவதும் என் வேலை.