மணிக்கூட்டின் சம்பளம்

கண்ணாடி மேசைக்கு அந்தப் பக்கம் நின்ற பிள்ளை கைமணிக்கூட்டைத் திருத்துகிற தொகையைச் சொன்னதும் நான் கேட்ட முதல் கேள்வி இதுதான்:

"இது வாங்குற விலையா, கழுவுற விலையா?"

அவள் சிரிக்கவில்லை. கொழும்பில் அந்த மாதிரிக் கடைகளில் வேலை செய்கிறவர்கள் சிரிப்பதற்கும் மேலிடத்தில் கேட்க வேண்டும் போல. "மேடம், இது கழுவுறதில்ல, சர்வீஸ். உள்ளுக்கு இருக்கிற எல்லாத்தையும் கழட்டி, தண்ணி பட்டதெல்லாம் மாத்தணும். இங்க செய்ய ஏலாது. கம்பனிக்கே அனுப்பணும்" என்றாள். அந்தக் காசுக்குக் கற்பிட்டியில் வள்ளத்துக்கு ஓர் எஞ்சின் வாங்கலாம். நான் கருவாட்டு வியாபாரி. சிலாபத்துச் சந்தையில் என்னிடம் யாரும் முதல் விலையைச் சொல்லிவிட்டுத் தப்பிப் போனதில்லை. "சரி மகள், கடைசி விலை என்ன?" என்று கேட்டேன்.

பக்கத்தில் நின்ற நானா என் முழங்கையில் இடித்தார். "தங்கச்சி, இது கருவாட்டுக் கடை இல்ல."

நானா என் கூடப்பிறந்த மூத்தவர். தொண்ணூறில் முஸ்லிம்கள் என்று மன்னாரிலிருந்து எங்களை விரட்டியபோது எங்கள் வாப்பா வள்ளத்தையும் வலையையும் கரையில் விட்டுவிட்டு வந்தவர். புத்தளத்து முகாமில் ஓலைக் கொட்டிலுக்குள் வளர்ந்த நானா, மீசை அரும்பி முடிவதற்குள் வெளிநாடு போனார். அங்கே ஒரு வயதான அறபிக்குக் கார் ஓட்டினார். அடுத்தடுத்த ஒப்பந்தங்களாக எத்தனையோ வருடம். நடுவில் லீவில் வந்து கல்யாணம் முடித்தார், லீவில் வந்து பிள்ளைகளைத் தூக்கினார். அறபிக்கு நடக்க முடியாமல் போனதும் டிரைவருக்கு வேலையில்லை. வழியனுப்புகிற அன்று கிழவர் தன் கையிலிருந்த மணிக்கூட்டைக் கழற்றி நானாவின் கையில் கட்டிவிட்டார். கட்டிவிட்டு அழுதாராம்.

அப்போது இங்கே யுத்தம் முடிந்திருந்தது. கடலுக்குப் போக யாரிடமும் பாஸ் காட்டத் தேவையில்லை. நானா ஒரேயடியாக வந்துவிட்டேன் என்று சொன்னார். கொண்டுவந்த காசில் வீட்டுக்கு ஓடு போட்டார், ஒரு பைபர் வள்ளமும் வாங்கினார். எஞ்சினுக்குத்தான் காசு எட்டவில்லை. வள்ளம் கரையில் கவிழ்ந்து கிடந்தது. நாய்கள் அதன் நிழலில் படுத்துக் கிடந்தன.

ஆனால் மணிக்கூடு மட்டும் மின்னிக்கொண்டிருந்தது. தொழுகைக்கு ஒழு எடுக்கும்போது கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டு, பையை ஒரு கையால் பொத்திக்கொண்டே முகம் கழுவுவார். கேட்காதவர்களுக்கும் நேரம் சொல்லுவார். "நானா, பள்ளிப் பாங்கு உங்கட வீட்டுக்குக் கேக்குமே, அதுக்கு மேல என்ன நேரம்?" என்று நான் ஒரு நாள் கேட்டேன். மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை.

பிறகுதான் அந்த வேலை பார்த்தார். ஒரு காலை, கரையேற முடியாமல் அலையில் அடிபட்ட ஒரு வள்ளத்தை இழுக்கப் போனவர்களோடு இவரும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார். மணிக்கூட்டைக் கழற்றவில்லை. "அறபி இதோட நீந்துவார், ஒண்டும் ஆகாது" என்றாராம். மத்தியானம் கண்ணாடிக்குள் ஆவி பிடித்தது. பின்னேரம் அசர் தொழுகைக்குள் முள் நின்றுவிட்டது.

இனி நடந்ததை எங்கள் ஆட்கள் மட்டும்தான் செய்வார்கள். எங்கள் கரையில் ஒரு சட்டம் இருக்கிறது. எஞ்சின் கடலில் விழுந்தால் அதை எடுத்து வெயிலில் வைக்கக் கூடாது. காற்றுப் பட்டால் கறள் பிடிக்கும். மெக்கானிக் வரும்வரை பெரிய பீப்பாயில் நல்ல தண்ணீர் நிரப்பி அதற்குள் முக்கி வைக்க வேண்டும். கரையில் நின்ற அத்தனை பேரும் ஒரே வாயாகச் சொல்ல, நானா மணிக்கூட்டின் குமிழை இழுத்துத் திறந்துவிட்டு, ஒரு ஜாம் போத்தலில் கிணற்றுத் தண்ணீர் நிரப்பி அதற்குள் போட்டு மூடினார். தண்ணீர் நன்றாக உள்ளே போகட்டும் என்றுதான் குமிழை இழுத்தாராம். ஏழு நாள், முழுதாக ஒரு கிழமை, அந்தப் போத்தல் அலுமாரிக்கு மேல் இருந்தது. காலையும் மாலையும் தண்ணீர் மாற்றினார்.

கொழும்புக்குப் புறப்படுகிற அன்று மச்சி, அதாவது நானாவின் மனைவி, என்னை அடுப்படிக்கு, குசினிக்குள் கூப்பிட்டாள்.

"அறபிட மகன் போன் எடுத்துக்கொண்டே இரிக்கிறார். டிரைவர் வேணுமாம். மணிக்கூட்டுக்குச் செலவு கூட எண்டா ரெண்டு வருசம் போயிட்டு வாறன் எண்டு இவர் சொல்றார். அவர எப்படியாவது நிப்பாட்டுங்க. நான் சொன்னா அழுறன் எண்டு நினைப்பார். நீங்க சொன்னா ஏசுறீங்க எண்டு நினைப்பார், அதுக்காவது பயப்படுவார்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் என் கையைப் பிடித்த பிடி விடவில்லை. நான் கூடப் போனது எனக்குச் சிங்களம் தெரியும் என்பதற்காக என்று நானா நினைத்தார். அப்படியே நினைக்கட்டும் என்று விட்டேன். பஸ்ஸில் கொழும்பு வரைக்கும் ஜாம் போத்தல் என் மடியில் இருந்தது. பக்கத்தில் இருந்த மனிசி இது என்ன மீன் என்று கேட்டாள்.

கடையில் அந்தப் பிள்ளைக்குத் தமிழ் தெரிந்திருந்தது. கையுறை போட்டுக்கொண்டு போத்தலைத் திறந்தாள். ஏன் தண்ணீருக்குள் என்று கேட்டாள். நானா எஞ்சின் சட்டத்தை ஆதியோடு அந்தமாக விளங்கப்படுத்தினார். கேட்டுக்கொண்டு உள்ளேயிருந்து வந்த திருத்துகிறவர் ஒருவர், "எத்தனை நாள்?" என்றார். "ஒரு கிழமை, சேர். ரெண்டு நேரமும் தண்ணி மாத்தினன்" என்றார் நானா, மார்க் போடுவார்கள் என்ற மாதிரி. அந்த மனிதர் கண்ணை மூடித் திறந்தார். உடனே கொண்டுவந்திருந்தால் பாதிக் காசோடு முடிந்திருக்கும் என்றார். அதற்குப் பிறகுதான் நான் முதலில் சொன்ன தொகை வந்தது.

நானாவின் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தில் விமானம் ஏறிக்கொண்டிருந்தது. "முற்பணம் எவ்வளவு கட்டணும்?" என்று கேட்க வாயெடுத்தார். அதற்குள் பிள்ளை தாளை எடுத்துக்கொண்டு, "முந்தி எப்ப சர்வீஸ் செய்தீங்க, சேர்?" என்றாள்.

"அங்கதான். நாலஞ்சு வருசத்துக்கு ஒருக்கா. நான்தான் கார்ல கொண்டு போவன்."

"ஓம், அப்படித்தான் செய்யணும். இதுக்குப் பிறகும் அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா கட்டாயம் செய்யணும்."

"ஒவ்வொரு தரமும் இவ்வளவா?"

"தண்ணி போகாட்டிக் குறையும், சேர்." குறைந்த தொகையையும் சொன்னாள்.

யோசித்துவிட்டு வருகிறோம் என்று நான் சொன்னேன். அவள் மணிக்கூட்டைத் துடைத்து ஒரு சின்னப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டுத் தந்தாள். ஜாம் போத்தல் வேண்டுமா என்றும் மரியாதையாகக் கேட்டாள்.

தெருவோரத் தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்தோம். ஏசுவதற்கு வேண்டியதெல்லாம் நான் பஸ் பாலாவியைத் தாண்டும்போதே தயார்பண்ணி வைத்திருந்தேன். தொடங்குவதற்குள் நானா கதைத்தார்.

"அந்தப் புள்ள கடைசியாச் சொன்ன கணக்கு, தண்ணி படாத கணக்கு, அது அங்க எனக்குப் பல மாசச் சம்பளம். அவர் கடைக்குள்ள போவார். நான் வெளியில கார்ல இரிப்பன். ஏசி போட்டா பெற்றோல் போகுமெண்டு கண்ணாடிய இறக்கிட்டு, வேர்த்து வேர்த்து இரிப்பன். எவ்வளவு குடுக்கிறாரெண்டு ஒருக்காலும் கேட்டதில்ல." தேத்தண்ணியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். "இதுக்கு என்னை விடச் சம்பளம் கூட, தங்கச்சி."

ஒன்று சொன்னால் ஏழு சொல்கிற வாய் எனக்கு. அன்று கொண்டுவந்த ஏச்சையெல்லாம் தேத்தண்ணியோடு சேர்த்து விழுங்கினேன். அந்தக் கிழவர் மீது ஒரு நொடி கோபம் வந்தது. பிறகு அதுவும் அநியாயம் என்று பட்டது. அவர் அன்பாகத்தான் கொடுத்தார். யானையைக் கட்டித் தீனி போட நம்மால் ஆகுமா என்பது அவருக்கு எப்படித் தெரியும், அவர் வீட்டில் யானைக்கு எப்போதும் தீனி இருந்தது.

"இதையும் வித்திட்டா, இவ்வளவு வருசமும் எங்க போச்செண்டு கேட்டா நான் என்னத்தக் காட்டுற?" என்றார் நானா.

"ஆரு கேக்கிற?"

"ஒருத்தரும் கேக்கல்ல. நான்தான் கேக்கிறன்."

அப்போது அவரைக் கட்டிப் பிடித்து அழ வேண்டும் போல இருந்தது. கொழும்புத் தெருவில் அதெல்லாம் நமக்குச் சரிவராது. "சரி, நீங்க கேட்டுக்கொண்டு இரிங்க. நான் போய் விலை கேக்கிறன்" என்று எழும்பினேன். அவர் தடுக்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது.

புறக்கோட்டையில் பழைய மணிக்கூடு வாங்கி விற்கிற கடை ஒன்று. முதலாளி கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிப் பார்த்தார். கூடும் சங்கிலியும் அசல், உள்ளேதான் போய்விட்டது என்றார். ஒரு விலை சொன்னார். நான் பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தேன். நாலாவது கடை வாசலில் கூப்பிட ஆள் வந்தது. திரும்பிப் போய், மழைக்கு முந்திய நாள் கருவாடு விற்கிற ஆவேசத்தோடு கதைத்தேன். கடைசியில் ஒரு பாவித்த பழைய எஞ்சின் வாங்கக் காணும் என்கிற இடத்தில் வந்து நின்றது. இனி நானாதான் சொல்ல வேண்டும்.

நானா என் கையிலிருந்த பையை வாங்கி மேசையில் வைத்தார். கையை எடுக்கக் கொஞ்ச நேரம் ஆனது. "இத என்ன செய்வீங்க?" என்று கேட்டார்.

"திருத்தி விக்கிறதுதான். இத வச்சுக் காப்பாத்தக் கூடிய ஆக்கள் வாங்குவாங்க."

"வாங்குறவரிட்டச் சொல்லுங்க, கிணத்துத் தண்ணிக்குள்ள போட வேணாமெண்டு" என்றார் நானா. சொல்லிவிட்டு அவரே சிரித்தார். ஊருக்கு வந்த பிறகு அவர் தன்னைப் பார்த்துச் சிரித்ததை அன்றுதான் கண்டேன்.

பஸ்ஸில் திரும்பும்போதே ஆலங்குடாவில் எஞ்சின் விற்க இருந்த ஒருவருக்குப் போன் எடுத்தார். நான் தூங்குவது போல் கிடந்து எல்லாவற்றையும் கேட்டேன். பிறகு அறபியின் மகனுக்கும் எடுத்தார். அறபு எனக்கு விளங்காது. ஆனால் "மாஃபி" என்றால் இல்லை என்று வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பிய எந்த வீட்டுக்கும் தெரியும்.

பொழுது பட்டு, மஃரிபுக்குப் பாங்கு சொல்லி முடிந்த நேரம் வீட்டுக்குப் போனோம். மச்சி முற்றத்தில் நின்றாள். முதலில் என் முகத்தைத்தான் பார்த்தாள்.

"எஞ்சின் ஒண்டு பேசிட்டன்" என்றார் நானா. "கிழமை முடியக் கடலுக்குப் போறன். நான் இனி அங்க போகல்ல."

அவள் உடனே குசினிக்குள் போனாள். அழப் போகிறாள் என்று நாங்கள் இரண்டு பேரும் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கொஞ்ச நேரத்தில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"கடலுக்குப் போறதெண்டா விடியச் சாப்பாடு கட்டித் தரணுமே. நீங்க விடிய என்ன சாப்பிடுவீங்க?"

கல்யாணம் முடித்துப் பத்து வருடத்துக்கு மேல். லீவில் வந்தால் இடியப்பமும் கோழிக்கறியும் வட்டிலப்பமும். ஒரேயடியாக வந்த பிறகும் அது மாறவில்லை. விருந்தாளிக்குச் செய்வது போலத்தான் எல்லாம் செய்து கொடுத்திருக்கிறாள். சும்மா ஒரு நாள், சும்மா ஒரு காலையில் தன் புருஷன் என்ன சாப்பிடுவான் என்று அவளுக்குத் தெரியாது.

நானா யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "தெரியாது. அங்க குபூஸ் ரொட்டியும் தேத்தண்ணியும்தான்."

"இஞ்ச குபூஸ் இல்ல."

"அப்ப பாணும் சம்பலும் வச்சுத் தாங்க."

"சம்பலுக்கு உறைப்புக் கூடவா, குறையவா?" என்று மச்சி கேட்டாள்.

அதற்கு மேல் அங்கே நிற்க எனக்கு என்ன வேலை. வாசலில் செருப்பைத் தேடி எடுத்தேன். கண் கலங்கியிருந்ததால் இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.